கோடை முடிந்து இலையுதிர்காலம் தொடங்கும்போது கடலோரம் நடக்க எங்கே போகலாம்?

நியூஜெர்சியில் இருக்கிறீர்கள், செப்டம்பர் கடைசியில் ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும், இலை நிறம் மாறுவதையும் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் கேப் மே பாயின்ட் ஸ்டேட் பார்க்குக்குப் போங்கள். ஆனால் இலையை எதிர்பார்க்காதீர்கள். அதற்கு அக்டோபர் நடுவில் வடக்கே மலைப்பக்கம் போகலாம். இங்கே பருவம் மாறுவதை வானத்தில்தான் பார்க்க வேண்டும்.

கேப் மே, நியூஜெர்சி மாநிலத்தின் தென்கோடி. ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் டெலவேர் விரிகுடா. குளிருக்குப் பயந்து தெற்கே கிளம்பும் பறவைகள் அகலமான தண்ணீரைத் தாண்டத் தயங்கிக் கரையோரமாகவே வரும். வடமேற்குக் காற்றும் அவற்றைக் கடல் பக்கம் தள்ளும். கடைசியில் புனலில் ஊற்றியதுபோல எல்லாம் இந்த முனையில் வந்து சேர்கின்றன. அதனால் நாள் பார்த்துப் போவது ரொம்ப முக்கியம். குளிர்காற்று வந்து வானம் வெளுத்த மறுநாள் காலைதான் சரியான நேரம். தெற்குக் காற்று அடித்தால் இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போடுங்கள்.

1859இல் கட்டிய கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்திலேயே பருந்து பார்க்கும் மேடை இருக்கிறது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அங்கே ஆள் நின்று பறவைகளை எண்ணுவார்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், தலைக்கு மேலே போவது என்ன பறவை என்று சொல்லிக் கொடுப்பார்கள். செப்டம்பர் கடைசியில் ஷார்ப்-ஷின்ட் ஹாக், கெஸ்ட்ரல் போன்ற சின்ன வேட்டைப் பறவைகள் எல்லாம் தாழ்வாகவே பறக்கும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது மோனார்க் பட்டாம்பூச்சிகள். மணல்மேட்டு ஓரத்தில் மஞ்சளாகப் பூத்திருக்கும் கோல்டன்ராட் செடிகளுக்கு அருகில் பேசாமல் நில்லுங்கள். வெயில் ஏறும்வரை அவை சுறுசுறுப்பாகாது, அதனால் ஒரு முழம் தூரத்தில் நின்று பார்க்கலாம். பின்சிறகில் நரம்பை ஒட்டிச் சின்னதாக ஒரு கருப்புப் புள்ளி இருந்தால் ஆண். கோடையில் பிறந்தவை சில வாரங்களே உயிரோடு இருக்கும். இந்தத் தலைமுறையோ மெக்சிகோ மலைக்காடு வரை போய்க் குளிர்காலத்தைக் கழிக்கிறது. வழிச்செலவுக்குக் கொழுப்பு சேர்க்கத்தான் இந்தத் தேன் குடி. சிலவற்றின் சிறகில் எண் எழுதிய குட்டி ஸ்டிக்கர் இருக்கும், அவை எங்கே போகின்றன என்று அறிய ஆய்வாளர்கள் ஒட்டியது. தொடாமல் எண்ணை மட்டும் படம் எடுங்கள்.

பெரியவர்களுக்குப் பூங்காவில் சிவப்புப் பாதை (Red Trail) என்கிற நடைபாதை போதும். சுமார் அரை மைல்தான், பலகை போட்டிருப்பதால் சக்கர நாற்காலியும் போகும். முழங்கால் வலி இல்லாதவர்கள் மட்டும் மற்ற பாதைகளில் கடற்கரை வரை போகலாம், மணலில் நடக்க வேண்டியிருக்கும். அப்புறம், ஓரத்தில் அழகாகச் சிவந்திருக்கும் மூவிலைக் கொடியைக் குழந்தைகள் பறிக்கப் போவார்கள், விடாதீர்கள். பாய்சன் ஐவி, தொட்டால் தோல் கொப்பளிக்கும். உண்ணியும் கொசுவும் அந்த மாதத்தில் இன்னும் இருக்கும். முழுக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் கணுக்கால், முழங்கால் மடிப்பு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.