விழித்துப் பார்த்தால் அம்மா வீட்டு வாசல்

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகிப் பத்து வருடம் ஆகிறது. ஒவ்வொரு குளிர்கால விடுமுறைக்கும் காரிலேயே என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம், 650 கிலோமீட்டர். இந்த வருடம் என் கணவர் வீட்டிலேயே இருக்கலாம் என்கிறார். குளிர் அதிகம், சின்னவனுக்கு இருமல், சாலையில் கூட்டம் என்று தினமும் ஒரு காரணம். அப்பா போனபிறகு அம்மா தனியாக இருக்கிறார். என் அம்மாவைத் தன் அம்மாவாக நினைத்தால் இப்படிச் சொல்வாரா? பயணம் ஒன்றும் கஷ்டமே இல்லை. அவர் வேலை முடிந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்புவோம், குழந்தைகள் இரண்டும் என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடும், நானும் அப்படியே கண்ணயர்ந்துவிடுவேன், விழித்துப் பார்த்தால் அம்மா வீட்டு வாசல். போவதா, இருப்பதா? அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு வரிக்குத்தான் நான் திரும்பத் திரும்ப வந்தேன். விழித்துப் பார்த்தால் அம்மா வீட்டு வாசல். பயணம் எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்காக அதை எழுதியிருக்கிறீர்கள். சுலபம்தான் அம்மா, உங்களுக்கு. நீங்கள் கண்ணை மூடியதற்கும் திறந்ததற்கும் நடுவே பத்து மணி நேரம் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து உங்கள் மூவரையும் சுமந்துகொண்டு வந்திருக்கிறார். பத்து வருடமாக நீங்கள் அந்தப் பயணத்தில் இருந்ததே இல்லை. அதைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் 'ஒன்றும் கஷ்டமில்லை' என்று சொல்ல உங்களிடம் என்ன இருக்கிறது?

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றலாம். கோபம்தான். இதே கடிதம் வேறு வேறு பெயர்களில் எனக்கு எத்தனையோ முறை வந்திருக்கிறது, எல்லாவற்றிலும் கணவருக்கு மாமியார் மேல் பாசம் இல்லை என்பதுதான் குற்றச்சாட்டு, யார் வண்டி ஓட்டுகிறார்கள் என்பது மட்டும் எங்கோ ஓரத்தில் கிடக்கும்.

சரி, கணக்கைப் பார்ப்போம். உங்கள் கணவர் காலை ஆறு மணிக்கு எழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க வேலை, இரவு ஒன்பதுக்குக் கிளம்புகிறீர்கள். பதினோரு மணி ஆகும்போது அவர் கண்விழித்து 17 மணி நேரம் ஆகிவிடுகிறது. ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவருடைய கையும் கண்ணும் எவ்வளவு தடுமாறுமோ, ஏறக்குறைய அதே அளவுக்கு 17 மணி நேரம் தூங்காதவரும் தடுமாறுவார் என்று ஆராய்ச்சியாளர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். 24 மணி நேரம் ஆனால் அது 0.10 சதவீதத்துக்குச் சமம். அதாவது விடியற்காலை ஆறு மணிக்கு, நீங்கள் அம்மா வீட்டை நெருங்கும் நேரத்தில், பல நாடுகளில் வண்டி ஓட்டவே கூடாது என்று சட்டம் சொல்லும் நிலையில் அவர் இருக்கிறார். ஒரு சொட்டுக் குடிக்காமல். குடித்துவிட்டு வந்து ஓட்டுகிறேன் என்று அவர் சொன்னால் குழந்தைகளை வண்டியில் ஏற்றுவீர்களா?

அதிலும் நள்ளிரவு இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை உடம்பு தூக்கத்துக்காகவே கெஞ்சும் நேரம். எவ்வளவு மன உறுதி இருந்தாலும் மூளை தன்பாட்டுக்கு ஓரிரு விநாடி அணைந்து எரியும், பல நேரம் அணைந்ததே தெரியாது, கண் திறந்தே இருக்கும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் ஓடும். நாலு விநாடி என்றால் நூறு மீட்டர், ஓட்டுபவர் இல்லாமலே. வெளியே குளிர் என்று ஹீட்டரைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தால் அந்தக் கதகதப்பே தாலாட்டிவிடும். கண்ணாடியைத் திறந்து காற்று வாங்குவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் சில நிமிடங்களுக்கு மேல் தாங்காது. காபி குடித்தால் அது வேலை செய்ய அரை மணி நேரம்போல ஆகும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம் மட்டும்தான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்லிவிடுகிறேன். நானும் உங்களைப் போலப் பின் சீட்டில் தூங்கியவள்தான். ஒரு வருடம் நடு இரவில் எனக்கு விழிப்பு வந்தது, வண்டி ஓடாததால் வந்த விழிப்பு. எழுந்து பார்த்தால் என் கணவர் ஹெட்லைட் வெளிச்சத்தில் நின்றுகொண்டு, அந்தக் குளிரில், பாட்டில் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டிருக்கிறார். சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருக்கிறது, மூச்சு புகையாகப் போகிறது. இரண்டு கையாலும் கன்னத்தில் அறைந்துகொண்டார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன், கண்ணாடியில் பனி, துடைக்க இறங்கினேன் என்றார். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. நான் சரி என்று சொல்லிவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். சக்கரம் சாலையை விட்டு இறங்கிச் சரளைக் கல்லில் ஏறிய சத்தத்தில்தான் தான் கண் விழித்ததாக ஆறு வருடம் கழித்து அவர் சொன்னார். அன்று நான் மறுபடி படுத்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் கணவர் சொல்லும் காரணங்களை மறுபடி படித்துப் பாருங்கள். குளிர், இருமல், கூட்டம். ஒன்றில்கூட உங்கள் அம்மா இல்லை. தினமும் காரணம் மாறுகிறது என்றால் உண்மையான காரணம் வாய்க்கு வரவில்லை என்று அர்த்தம். வண்டி ஓட்டப் பயமாக இருக்கிறது என்று மனைவியிடம் சொல்ல நிறைய ஆண்களுக்கு நாக்கு எழாது. அதையும் நான் நியாயம் என்று சொல்லமாட்டேன். இரண்டு குழந்தைகளின் தகப்பன், தன் பயத்தைப் பையனின் இருமலுக்குப் பின்னால் ஒளித்து வைக்கக்கூடாது, நேராகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் சொல்லும்படியான இடத்தை நீங்கள் கொடுத்தீர்களா? எதைச் சொன்னாலும் 'உங்கள் அம்மாவாக இருந்தால்' என்று வந்து நிற்பீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

அப்புறம் அந்த மடி. குழந்தைகள் மடியில் தலைவைத்துத் தூங்குகின்றன என்றால் பெல்ட் போடவில்லை. பிடித்துக்கொள்வேன் என்று நினைக்காதீர்கள், வண்டி மோதி நிற்கும்போது ஒரு குழந்தையைக் கையால் பிடித்து நிறுத்தும் பலம் எந்தத் தாய்க்கும் கிடையாது, நீங்களோ தூக்கத்தில் இருக்கிறீர்கள். சின்னவன் குழந்தை சீட்டில் உட்காரட்டும், பெரிய குழந்தைக்கு வயதுக்கும் உயரத்துக்கும் ஏற்றபடி சீட்டோ பெல்ட்டோ. கனமான குளிர்கோட்டோடு பெல்ட் போடாதீர்கள், கோட்டு அமுங்கினால் பெல்ட் தொளதொளவென்று ஆகிவிடும். கோட்டைக் கழற்றிப் பெல்ட்டைப் போட்டு, மேலே போர்வையைப் போர்த்துங்கள். இதில் பேச்சுக்கே இடமில்லை.

இனி போவதா இருப்பதா என்ற கேள்வி. போக வேண்டும் என்பதுதான் என் கட்சி. தனியாக இருக்கும் தாயைப் பார்க்கப் போவதை விடுமுறைக் கொண்டாட்டம் என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது, அது கடன். மருமகனுக்கும் அந்தக் கடன் உண்டு, பெண்ணைப் பெற்றவள் அவனுக்கும் தாய்தான், இதில் நான் பழைய காலத்து ஆள், மாறப்போவதில்லை. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகப் போவது இனி வேண்டாம். முந்தின இரவு அவர் முழுசாகத் தூங்கட்டும், விடிந்து வெளிச்சம் வந்தபிறகு கிளம்புங்கள், பாதி வழியில் ஒரு இரவு தங்குங்கள். குளிர்காலத்தில் சீக்கிரம் இருட்டிவிடும், அதற்குள் தங்குமிடம் போய்ச் சேருகிற மாதிரி தூரத்தை வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டி நிற்க வேண்டும், அவர் இறங்கி நடக்க வேண்டும். தூக்கம் தட்டினால் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் படுக்கட்டும், யாரும் நேரமாகிறது என்று சொல்லக்கூடாது, முக்கியமாக நீங்கள்.

வண்டியையும் பாருங்கள். குளிரக் குளிர டயரில் காற்று இறங்கும், ஐந்தாறு டிகிரி குறைந்தால் காற்றழுத்தம் ஒரு பிஎஸ்ஐ (டயர் காற்றை அளக்கும் அலகு) அளவுக்குக் குறையும், அதனால் கிளம்பும் முன் டயர் சூடாகாமல் இருக்கும்போதே அளக்க வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பிக் கண்ணைத்தான் கூசவைக்கும், லோ பீமில் மெதுவாகப் போக வேண்டும், அதுவும் முடியாவிட்டால் சாலையை விட்டு நன்றாக விலகி நிறுத்திவிட வேண்டும். பனி உறையும் ஊர் என்றால் பாலத்தின் மேல் கவனம், மேலும் கீழும் குளிர்காற்று படுவதால் பாலம்தான் முதலில் உறையும். இதெல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கும். உங்களுக்கும் தெரிய வேண்டும், ஏனென்றால் இந்த முறை நீங்கள் உட்காரப் போவது முன் சீட்டில், விழித்துக்கொண்டு. பேச்சுக் கொடுக்கவும் வழி பார்க்கவும் அவர் கண் சொருகுவதைக் கவனிக்கவும் ஒரு ஆள் வேண்டும். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரிந்தால் பாதி தூரம் நீங்கள் ஓட்டுங்கள். தெரியாவிட்டால் அடுத்த குளிர்காலத்துக்குள் கற்றுக்கொள்ளுங்கள், உங்கள் அம்மா வீட்டுக்குப் போகும் வழி அது.

இப்படிப் போக லீவு போதவில்லை என்றால் இந்த விடுமுறைக்கு வீட்டிலேயே இருங்கள். இரண்டு வாரம் கழித்து ரயிலிலோ பஸ்ஸிலோ நீங்கள் மட்டும் போய் அம்மாவோடு நாலு நாள் இருந்துவிட்டு வாருங்கள், குழந்தைகளை உங்கள் கணவர் பார்த்துக்கொள்வார். அல்லது அம்மாவை இங்கே அழைத்துவந்து குளிர் முடியும்வரை வைத்துக்கொள்ளுங்கள். தனியாக இருக்கும் ஒருவரைப் பார்க்க விடுமுறைக் கூட்டத்தில்தான் போயாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மகள் வந்து நின்றால் எந்த அம்மாவாவது கதவைத் திறக்காமல் இருப்பாரா?

அவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மதம் கேட்கும் வேலை இப்போது வேண்டாம். இன்று இரவு குழந்தைகள் தூங்கியபிறகு, போன வருடம் விடியற்காலை நாலு மணிக்கு அந்தச் சாலையில் எப்படி இருந்தது என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். முதலில் ஒன்றுமில்லை என்பார். எழுந்து போகாமல் உட்கார்ந்திருங்கள். அவர் பேச ஆரம்பித்தால், முடிக்கும்வரை குறுக்கே உங்கள் அம்மாவின் பேச்சை எடுக்காதீர்கள்.