பாமசி கார்ட் போட்டும் தாடை நோகுது: பதில்

தங்கச்சி, நித்திரையில பல்லு நெருமுறதுக்குப் பாமசியில வாங்கின ரப்பர் மாதிரிக் கார்ட் (பல்லுக் காப்புறை) போட்டும் காலமை தாடை நோகுதெண்டு கேட்டிருந்தீங்கள். மெதுமெதுப்பான கார்ட்டைச் சிலர் நித்திரையில சப்பத் தொடங்குவினம். தசைக்கு ஓய்வே கிடையாது. யாழ் போதனா வைத்தியசாலைப் பல் பிரிவிலயோ தனியார் பல் டொக்டரிட்டயோ காட்டி, அச்செடுத்துச் செய்யிற கடினமான அக்ரிலிக் கார்ட் உங்களுக்குச் சரிவருமோ எண்டு கேளுங்கோ. கடைவாய்ப் பக்கம் 2 மி.மீ. தடிப்பு இருந்தால் நல்லது. பல்லுப் படுற இடத்தைக் காட்டுற நிறத்தாளைக் கடிக்க வைச்சு, ரெண்டு பக்கமும் ஒரேயளவு படுமட்டும் டொக்டர் கார்ட்டை ராவ வேணும். இதை விட்டால் ஒரு பல்லிலயே பாரம் விழும்! சுடுதண்ணியில கழுவாதேங்கோ, வளைஞ்சிடும்.

கார்ட் பல்லுத் தேயாமல் காக்கும், நெருமுறதை நிப்பாட்டாது. பகலில உதடு மூடியிருந்தாலும் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் முட்டாமல் பாருங்கோ. குறட்டையும் இருந்தால் டொக்டரிட்டக் கட்டாயம் சொல்லுங்கோ; நித்திரையில மூச்சுத் தடைப்படுறதும் சேர்ந்திருக்கலாம்.