கேமராவில் ஐ.எஸ்.ஓ என்றால் என்ன? இரவுப் படங்கள் ஏன் புள்ளி புள்ளியாக வருகின்றன?

கேமராவுக்குள் ஒளியை உணரும் தகடான சென்சாரில் விழுந்த ஒளியைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் எண்தான் ஐ.எஸ்.ஓ. மற்றதை மாற்றாமல் 100இலிருந்து 200க்குப் போனால் படம் இரு மடங்கு பிரகாசமாகும். 400 என்றால் நான்கு மடங்கு.

தூரத்து வானொலி நிலையம் சரியாகக் கேட்கவில்லை என்று சத்தத்தைக் கூட்டினால், பாட்டோடு இரைச்சலும் கூடும் அல்லவா? அதே கதைதான். இருட்டில் கிடைக்கும் ஒளி கொஞ்சம். அதைப் பெருக்கும்போது கூடவே வரும் இரைச்சல்தான் மணல் தூவியதுபோல் தெரிகிறது.

மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்தில் பகல் வெயிலுக்கு 100 போதும். செம்பனை நிழலுக்குள் போனால் 400, 800. மாரியம்மன் கோயில் தீமிதி இருட்டிய பிறகு நடந்தால் தயங்காமல் 3200 வையுங்கள். முதல் வருடம் நான் புள்ளிக்குப் பயந்து 200இல் எடுத்தேன். ஒளியை உள்ளே விடும் கதவான ஷட்டர் அதிக நேரம் திறந்திருந்ததால், பூக்குழி இறங்கிய மாமா புகை மாதிரி வந்தார்! புள்ளி இருந்தாலும் கூர்மையான படம் பரவாயில்லை. கலங்கிப்போனதைப் பிறகு சரிசெய்வது கடினம்.

அப்புறம், ஐ.எஸ்.ஓவைக் கூட்டினால் கேமரா கூடுதல் ஒளியைப் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் உள்ளே வரும் ஒளியின் அளவு ஷட்டர் நேரத்தையும் லென்ஸ் துளையின் அகலத்தையும் பொறுத்தது.