ஹார்லெம் தொகுதி: எண்பது ஆண்டுகள், மூன்று உறுப்பினர்கள்

கேள்வி: நியூயார்க் 13ஆம் தொகுதியின் முன்னாள் உறுப்பினர் என்று ஆடம் கிளேட்டன் பவலைச் சொல்கிறார்கள். பழைய பட்டியலில் அவர் பெயர் 22ஆம் தொகுதியில் இருக்கிறதே?

பதில்: பட்டியல் சரியானதே. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் 435 இடங்களும் பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்படும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மாநிலங்களுக்குப் பிரித்தளிக்கப்படுகின்றன. 1945இல் பவல் பதவியேற்றபோது 45 இடங்களைக் கொண்டிருந்த நியூயார்க் மாநிலத்துக்கு இப்போது 26 இடங்களே உள்ளன. இடங்கள் குறையக் குறைய எல்லைகள் திருத்தப்பட்டு, பவலின் தொகுதியான, நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியின் எண் 22, 16, 18, 19, மறுபடியும் 16, பிறகு 15 என மாறி, 2013இல் 13 ஆயிற்று. எண்ணைப் பின்தொடர்ந்தால் சம்பந்தமில்லாத வட்டாரத்துக்குப் போய்ச் சேருவீர்கள், ஊரைப் பின்தொடருங்கள்.

கேள்வி: 1967 முதல் 1969 வரை உறுப்பினர் பெயரே இல்லையே, ஏன்?

பதில்: இத்தொகுதி வரலாற்றின் முக்கியமான கட்டம் அதுதான். கல்வி, தொழிலாளர் குழுவின் தலைவராக இருந்த பவல், குழுவின் பணத்தை முறைகேடாகச் செலவிட்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். விசாரணைக் குழு கண்டனமும் அபராதமும் போதும் என்றது. சபையோ அதையும் தாண்டி, 1967 மார்ச்சில் 307க்கு 116 என்ற வாக்குகளில் அவரை உறுப்பினராகவே ஏற்க மறுத்தது. அடுத்த மாதம் நடந்த இடைத்தேர்தலில், பஹாமாஸின் பிமினித் தீவில் இருந்தபடியே பவல் வென்றார். ஆனாலும் ஆசனத்தில் அமரவில்லை. 1968இல் மீண்டும் வென்றபின், 25,000 டாலர் அபராதத்தோடும் பணிமூப்பு இழப்போடும் சபை அவரை ஏற்றது. வயது, குடியுரிமை, வசிப்பிடம் ஆகிய அரசமைப்புத் தகுதிகள் உடையவரைச் சபை ஏற்க மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1969 ஜூனில் தீர்ப்பளித்தது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குடன் உறுப்பினரை நீக்கும் அதிகாரம் சபைக்கு உண்டு. மேற்சொன்ன 307 வாக்குகள் அந்த அளவைத் தாண்டியவைதாம். ஆனால் அவை ஏற்க மறுப்பதற்காக அளிக்கப்பட்டவை, நீக்கத்துக்காக அளிக்கப்பட்டவை அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கேள்வி: அப்படியானால் பவலைத் தோற்கடித்தது யார்?

பதில்: சபையால் முடியாததை ஹார்லெம் வாக்காளர்கள் செய்தார்கள். 1970இல் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் சார்லஸ் ரேஞ்சல் ஏறத்தாழ 150 வாக்குகளில் வென்றார். ஜனநாயகக் கட்சியின் கோட்டையான இத்தொகுதியில் உட்கட்சித் தேர்தலே உண்மையான போட்டி. நவம்பர் தேர்தல் பெரும்பாலும் சம்பிரதாயம்.

கேள்வி: ரேஞ்சலுக்குப் பிறகு?

பதில்: நாற்பத்தாறு ஆண்டுகள் பதவியிலிருந்த ரேஞ்சல், வரி விவகாரங்களைக் கவனிக்கும் குழுவின் தலைவராக உயர்ந்தார், 2010இல் நெறிமீறலுக்காக அவரையும் சபை கண்டித்தது. இதற்கிடையே எல்லை மறுவரையறையில் நகரின் பிராங்க்ஸ் வட்டாரத்தின் ஒரு பகுதியும் சேர்ந்து, ஸ்பானிய மொழி பேசுவோர் பெருகினர். டொமினிக்கன் குடியரசில் பிறந்த அட்ரியானோ எஸ்பையாட் 2012லும் 2014லும் ரேஞ்சலிடம் தோற்று, அவர் ஓய்வு பெற்ற 2016இல் வென்றார். 2017 ஜனவரியில் பதவியேற்ற அவர், சபையில் அமர்ந்த முதல் டொமினிக்க அமெரிக்கர்.