ரேடியோ முள்ளும் ஓர் இருமலும்

அன்புள்ள அண்ணாச்சி,

மழைக்காலத்தில் ராக் பாட்டுத்தான் துணை என்று ஒரு கட்டுரையில் எழுதியிருந்தீர்கள். நான் புனலூரில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். ராக் என்றாலே எனக்குக் கூச்சல்தான், வரியும் பாதி புரிவதில்லை. செங்கோட்டைக்காரரான உங்களுக்கு அது எப்படி ஒட்டியது? எந்தப் பாட்டு?

ஒரு வாசகர், புனலூர்

அன்புள்ள தம்பி,

எனக்கும் வரி புரிந்து பிடித்ததில்லை. சத்தம்தான் முதலில் பிடித்தது. பிங்க் ஃபிளாய்ட் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'விஷ் யூ வேர் ஹியர்', 1975-இல் வந்தது. எடுத்த எடுப்பில் யாரோ ரேடியோ முள்ளைத் திருப்புகிறார்கள். அந்தக் குழுவின் கிடார்காரர் டேவிட் கில்மோரின் கார் ரேடியோவில் பதிந்த சத்தம் அது. பேச்சு, கரகரப்பு, ஒரு துளி சிம்பொனி, அப்புறம் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் மெலிந்த ஒரு கிடார். கொஞ்ச நேரம் அது மட்டும்தான். பிறகு ஓர் இருமல், மூக்கை உறிஞ்சும் சத்தம். உடனே இன்னொரு கிடார், காதோரத்தில், தெளிவாக. ரேடியோ கேட்டுக்கொண்டிருந்த ஆளே கூடச் சேர்ந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

எங்கள் வீட்டு ரேடியோவில் ராத்திரியானால் திருநெல்வேலியும் திருவனந்தபுரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். முள்ளை மயிரிழை நகர்த்திப் பிரித்தெடுக்க அண்ணனுக்குத்தான் தெரியும். கொல்லத்தில் வேலை பார்த்தான். சனிக்கிழமை மீட்டர்கேஜ் வண்டியில் வருவான். இந்தக் கேசட்டும் அவன் பையில் வந்ததுதான். அப்புறம் மஸ்கட் போய்விட்டான். அவன் கடைசியாக வைத்த இடத்திலேயே முள் நின்றது, அம்மா யாரையும் தொட விடவில்லை.

பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிட் பேரட், மனம் நிலைகுலைந்து 1968-இல் விலகியவர். இந்தப் பாட்டு வந்த ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தபோது ஸ்டூடியோவுக்கு வந்து நின்றாராம். உடம்பு பெருத்து, தலையும் புருவமும் மழித்திருந்தவரைக் கூட வாசித்த நண்பர்களுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. அண்ணன் முதல் லீவில் வந்தபோது வாசலில் நின்றவனைப் பார்த்து "யாரு வேணும்?" என்று கேட்டவன் நான். பேரட் கதையைப் படித்த அன்று பாட்டை முழுதாகக் கேட்க முடியவில்லை.

அடுத்தது இன்னொரு இங்கிலாந்துக் குழுவான லெட் செப்பலினின் 'வென் த லெவீ பிரேக்ஸ்', 1971. 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பாடிய பழைய ப்ளூஸ் பாட்டை எடுத்துத் தங்கள் பாணியில் வாசித்தார்கள். பழைய வீடொன்றின் கூடத்தில் டிரம்ஸை வைத்து, மாடிப்படி உயரத்தில் மைக்கைத் தொங்கவிட்டுப் பதிந்தார்கள். ஒவ்வொரு அடியும் சுவரில் மோதித் திரும்புகிறது. பகவதிபுரம் தாண்டி ஆரியங்காவுக் குகைக்குள் வண்டி நுழையும்போது பெட்டியே அதிருமே, அதே கனம். சாரல் அடிக்கிற ஆனி ஆடியில் கேட்க வேண்டிய பாட்டு.

இங்கிலீஷ் இடறுகிறது என்றால் மலையாள ராக் குழுவான அவியலின் 'ஆடு பாம்பே'யில் தொடங்குங்கள். 2008 ஆல்பத்தில் இருக்கிறது. வரிகள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. நம் பாம்பாட்டிச் சித்தர் கூப்பிட்ட அதே பாம்பு! மலையாளம் உங்களுக்குத் தெரியும், சித்தர் பாட்டு வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கும். எலக்ட்ரிக் கிடார் அதன் அடியில் ஊர்ந்து வருவதைக் கேட்டபின் கூச்சல் என்று சொல்ல உங்களுக்கு மனம் வராது.

சரி, முதலில் சொன்ன பாட்டை மட்டும் ராத்திரி, ஹெட்போனில் கேளுங்கள். அந்த இருமலைத் தவறவிட்டுவிடாதீர்கள்.