பாலின் கொழுப்பை ஒளி அளப்பது எப்படி?

கேள்வி: முன்பெல்லாம் பால் பண்ணை ஆய்வகத்தில் கந்தக அமிலம் ஊற்றிச் சுழற்றித்தான் கொழுப்பு பார்ப்பார்கள். இப்போது அகச்சிவப்புக் கதிரைச் செலுத்தும் கருவி ஒன்று, ஒரு நிமிடத்துக்குள் கொழுப்பு, புரதம், லாக்டோஸ் மூன்றையும் சொல்லிவிடுகிறது. அமிலமே இல்லாமல் இது எவ்வாறு இயலும்? கலப்படத்தையும் இக்கருவி காட்டிக்கொடுக்குமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: மூலக்கூறில் அணுக்களைப் பிணைத்திருக்கும் பிணைப்புகள் ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு வகைப் பிணைப்பும் தன் அதிர்வோடு ஒத்துப்போகும் அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிரை உட்கவர்ந்துகொள்ளும். கொழுப்பில் உள்ள எஸ்டர் பிணைப்பு ஏறக்குறைய 5.7 மைக்ரோமீட்டரிலும், புரதத்தின் பெப்டைடு பிணைப்பு 6.5 மைக்ரோமீட்டரிலும், லாக்டோஸ் 9.6 மைக்ரோமீட்டரிலும் கதிரை விழுங்குகின்றன. பாலின் ஊடே சென்று வெளிவரும் கதிர் இந்த இடங்களில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதிலிருந்தே அளவு கணக்கிடப்படுகிறது.

இதில் பெரிய இடையூறு தண்ணீர்தான். பாலில் பெரும்பகுதியாக இருக்கும் தண்ணீரும் அகச்சிவப்பை மிக வலுவாக உட்கவரும் என்பதால், இரண்டு சாளரங்களுக்கு இடையே மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு தடிமனுள்ள மெல்லிய படலமாகவே பாலை ஓடவிடுகிறார்கள். புரதத்துக்கு 6 மைக்ரோமீட்டரை ஒட்டி இன்னும் வலுவான உட்கவர்வு உண்டு. ஆனால் தண்ணீரும் அதே இடத்தில் கதிரை விழுங்குவதால், 6.5 மைக்ரோமீட்டரையே நாட வேண்டியிருக்கிறது. கொழுப்புத் துளிகள் பெரியனவாக இருந்தால் ஒளியைச் சிதறடித்துக் கணக்கைக் குழப்பும் என்பதால், அளப்பதற்கு முன் கருவியே அவற்றை நுண்துளிகளாக உடைத்துவிடுகிறது.

ஆயினும், அமிலமும் வேதிமுறையும் முற்றிலும் ஒழிந்துவிட்டன என்று எண்ண வேண்டாம். எவ்வளவு உட்கவர்வுக்கு எவ்வளவு கொழுப்பு என்பது கருவிக்குத் தானாகத் தெரியாது. பழைய வேதிமுறைகளில் அளந்து வைத்த பல மாதிரிகளைக் காட்டித்தான் அதற்கு அளவுத்திருத்தம் செய்கிறார்கள். பசும்பாலுக்குத் திருத்திய கருவியில் எருமைப் பாலை ஊற்றிவிட்டு அது சொல்வதை அப்படியே நம்புவது சரியாகாது.

கலப்படக் கேள்விக்கான விடையும் இங்குதான் தொடங்குகிறது. 2008இல் சீனாவில் குழந்தைகளுக்கான பால்மாவில், பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் மெலமைன் என்ற வேதிப்பொருள் கலக்கப்பட்டது. ஆறு குழந்தைகள் இறந்தனர், ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் பாதிக்கப்பட்டனர். டென்மார்க் வேதியியலாளர் யோஹான் கெல்டால் 1883இல் வகுத்த முறை நைட்ரஜனை அளந்து 6.38ஆல் பெருக்கிப் பால் புரதம் என்று சொல்லும். மெலமைனில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன் என்பதால், ஒரு கிராம் மெலமைன் நான்கு கிராமுக்கும் மேற்பட்ட புரதமாக வேடம் போட்டுவிடும். அகச்சிவப்பு நிறமாலையிலோ (எந்த அலைநீளத்தில் எவ்வளவு உட்கவர்வு என்று காட்டும் வரைபடம்) மெலமைனின் வளைய அமைப்பு 12.3 மைக்ரோமீட்டர் அருகே தனி முகட்டைக் காட்டுகிறது. முழு நிறமாலையையும் பதிவுசெய்யும் கருவி என்றால், கணிசமாகக் கலந்திருப்பதைப் பிடிக்கலாம். குழந்தைப் பால்மாவுக்குச் சர்வதேச வரம்பான கிலோவுக்கு 1 மில்லிகிராம் என்ற நுண்ணளவைக் காண, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியிடம்தான் போக வேண்டும்.

யூரியா இன்னும் சிக்கலானது, ஏனெனில் அது பாலில் இயல்பாகவே உண்டு. இந்தியாவில் 100 மில்லிலிட்டருக்கு 70 மில்லிகிராம் வரை அனுமதி. அந்த எல்லைக்குள் யாரேனும் கலந்திருந்தால், அளவை மட்டும் வைத்துக் கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. என் கருத்தில், இக்கருவியைச் சந்தேகத்துக்குரிய மாதிரியைப் பிரித்தெடுக்கும் வாயிற்காவலராகப் பயன்படுத்தலாமே தவிர, தீர்ப்பு வழங்கும் நீதிபதியாக அல்ல.

கேள்வி: தானியத்தை அரைக்காமலே இவ்வாறு புரதம் பார்க்க முடியுமா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். ஆனால் அதற்குப் பயன்படுவது 0.8 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரையுள்ள அண்மை அகச்சிவப்பு. அங்கே உட்கவர்வு மிகவும் பலவீனம் என்பதால் கதிர் மணிக்குள் ஆழமாக ஊடுருவும். அதற்கு ஈடாக முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும். அவற்றைப் புள்ளியியல் கொண்டு பிரித்தறியும் வழியை அமெரிக்க வேளாண் துறையின் கார்ல் நாரிஸ் 1960களில் வளர்த்தெடுத்தார். 1975இல் கனடா தானிய ஆணையம் கோதுமைப் புரதத்துக்கு இம்முறையை நடைமுறையில் ஏற்றுக்கொண்டது. நெல்லுக்கும் இதைப் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கெனத் தனி அளவுத்திருத்தம் வேண்டும், மணியின் ஈரப்பதம் மாறினால் அதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.