பரிமாற்ற மாணவராக வெளிநாட்டில் படித்தபோது, நண்பரின் வீட்டில் குளிர்கால விடுமுறையைக் கழித்த அனுபவம் எப்படி இருந்தது?

முதல் நாள் ராத்திரி பட்டினி கிடந்தேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் பின்லாந்தின் தம்பேரே நகரில் ஒரு வருடம் பரிமாற்ற மாணவனாக இருந்தேன். டிசம்பர் பாதியிலேயே விடுதி காலியாகிவிட்டது. மன்னார்குடிக்குப் போய்வர டிக்கெட் எடுக்கும் அளவுக்குக் கையில் காசில்லை. வகுப்புத் தோழன் ஒருவன், "24ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல் பஸ்கூட ஒழுங்காக ஓடாது, தனியாக என்ன செய்வாய், எங்கள் வீட்டுக்கு வா" என்றான். குவோப்பியோ பக்கம், ஏரிக்கரையில் வீடு. ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலுதான், ஆனால் கும்மிருட்டு. அந்தப் பருவத்தில் அங்கே காலை ஒன்பதரைக்குத்தான் விடியும், மூன்று மணிக்கெல்லாம் பொழுது அடைந்துவிடும்.

வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். உள்ளே ஏலக்காய் வாசனை. அட, நம்ம வீடு மாதிரியே இருக்கிறதே என்று நினைத்துவிட்டேன். (அவர்களுடைய புல்லா என்ற பன்னில் ஏலக்காய் இல்லாமல் இருக்காது. நம் பாயசத்தைவிடக் கொஞ்சம் தாராளமாகவே போடுகிறார்கள்.) அந்த நினைப்புதான் என்னைக் கவிழ்த்தது.

நண்பனின் அம்மா "சூப் சாப்பிடுகிறாயா?" என்று கேட்டார். நம்மூரில் இதற்கு ஒரு முறை உண்டல்லவா? முதல் தடவை "இல்லீங்க, இப்பதான் சாப்பிட்டேன்". இரண்டாம் தடவை "ஐயோ, பரவால்லீங்க". மூன்றாம் தடவை அவர்கள் தட்டை வைத்துவிடுவார்கள், நாம் "கொஞ்சமா" என்று சொல்லிக்கொண்டே உட்காருவோம். நான் முதல் தடவைக்கான பதிலைச் சொன்னேன். அவர் "சரி" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தை மூடி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டார். அவ்வளவுதான். இரண்டாம் தடவை வரவே இல்லை. பையில் அம்மா வைத்தனுப்பிய பருப்புப்பொடிதான் இருந்தது. அதை வெறுமனே எப்படித் தின்பது?

மறுநாள் காலையில் நண்பனிடம் சொன்னபோது அவனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. "நீ வேண்டாம் என்றாய். உன்னை வற்புறுத்துவது மரியாதை இல்லையே" என்றான். அவன் அம்மாவை எப்படிக் கூப்பிடுவது என்பது இன்னொரு தலைவலி. ஆன்ட்டி என்றால் அவருக்குப் புரியாது, பேர் சொல்லிக் கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை. பாட்டி விஷயத்தில்தான் தப்பித்தேன். வீட்டில் எல்லோரும் அவரை "மும்மோ" என்பார்கள். பாட்டி என்றுதான் அர்த்தம். நானும் மும்மோ என்றே கூப்பிட்டேன்.

24ஆம் தேதிதான் அங்கே பெரிய நாள். காலையில் மும்மோ பாலில் அரிசியைப் போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் அடிபிடிக்காமல் கிளறினார். பார்த்தால் நம் பால்பொங்கல்தான். மேலே பட்டைத் தூளும் சர்க்கரையும் தூவிக்கொள்ள வேண்டும். மொத்தக் கஞ்சியிலும் ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போடுவார்கள், யார் கிண்ணத்தில் விழுகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். இது எனக்கு யாரும் சொல்லவில்லை. பாயசத்தில் பருப்பு கிடப்பது நமக்கு ஒரு செய்தியா? கடித்தேன், விழுங்கினேன். பானையின் அடிவரை எல்லோரும் துழாவிக்கொண்டிருந்தபோதுதான் மெதுவாகக் கேட்டேன், "பாதாமா? அதை நான் தின்றுவிட்டேனே." ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு மும்மோ மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். துர்க்கு நகரத்தில் ஒரு மாடத்திலிருந்து ஒருவர் தோல்சுருளைப் பிரித்து வாசிக்கிறார். கிறிஸ்துமஸ் அமைதி தொடங்கிவிட்டது, யாராவது கலாட்டா செய்தால் தண்டனை கடுமையாக இருக்கும் என்று அறிவிப்பு. 1300களிலிருந்து வரும் வழக்கமாம். சுத்தமான தண்டோரா.

இருட்டியதும் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அதை எழுதத்தான் இந்தப் பதிலே. பனிக்குள் குழி பறித்து, ஒவ்வொரு கல்லறை முன்னாலும் மெழுகுவத்தி. கண்ணுக்கெட்டிய தூரம்வரை விளக்கு. பனியின் மேல் அந்த வெளிச்சம் விழுந்து தரையே மஞ்சளாகத் தெரிந்தது. போரில் இறந்தவர்களின் கற்கள் தனியாக, வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுடர். நூற்றுக்கணக்கான பேர் இருந்தும் காலடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும்தான். மும்மோ தன் கணவருக்கு ஏற்றிவிட்டு, என் கையில் ஒரு மெழுகுவத்தியைத் திணித்தார். எனக்கு விளங்கவில்லை. வேறு ஊரில் புதைக்கப்பட்டவர்களுக்காக அங்கே ஒரு பொது நினைவுக்கல் இருக்கிறது, உன் வீட்டில் யாருக்காவது ஏற்று என்றான் நண்பன். எங்கள் அப்பத்தாவைப் புதைக்கவில்லை, எரித்துப் பாமணி ஆற்றில் கரைத்தோம். அதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை. ஏற்றிவைத்தேன். குளிரில் தீக்குச்சி மூன்று முறை அணைந்தது.

திரும்பி வந்ததும் சௌனா, அதாவது அவர்களுடைய நீராவிக் குளியல். முதலில் பெண்கள், பிறகு ஆண்கள். நான் அரைக்கால் சட்டையும் அதன்மேல் துண்டுமாகப் போய் நின்றேன். நண்பனும் அவன் அப்பாவும் பிறந்த மேனியாக, ஆளுக்கொரு சின்னத் துணியைக் கீழே விரித்து உட்கார்ந்திருந்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குற்றாலத்தில்கூட துண்டை அவிழ்க்காத பரம்பரை நான், இதில் மட்டும் கடைசிவரை மாறவில்லை. அப்பா என்னைக் கீழ்ப்படியில் உட்காரச் சொன்னார். சூடு மேலே ஏறும், புதிதாக வந்தவனுக்கு அதுதான் இடம். அடுப்புக் கற்களில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினார். அந்த ஆவிக்கு லோய்லு என்று பெயர். காது நுனி முதலில் எரியும். இரண்டு நாளாகப் பத்து வார்த்தைகூடப் பேசாத மனிதர் அங்கேதான் வாயைத் திறந்தார். வருடத்துக்கு எத்தனை போகம் நெல் என்று கேட்டார். குறுவை, சம்பா, தாளடி எல்லாம் சொன்னேன். இங்கே நவம்பரில் நிலம் உறைந்தால் ஏப்ரல் வரை அப்படியேதான் என்றார். பனியில் புரளக் கூப்பிட்டார்கள். நான் திண்ணை வரை போனேன், உடம்பிலிருந்து புகை கிளம்புவதைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிட்டேன்.

ராத்திரி விருந்தில் நடுநாயகம் ராத்திரி முழுக்க அடுப்பில் வெந்த பன்றித்தொடை. எங்கள் வீட்டில் பன்றி வழக்கமில்லை, அதனால் தயங்காமல் "இது நான் சாப்பிடமாட்டேன்" என்றேன். யார் முகமும் வாடவில்லை, சால்மன் மீன் தட்டு என் பக்கம் வந்தது. பாடம் கற்றுக்கொண்டேன் என்று நினைத்தேன். ஆனால் அடுத்து மும்மோ செய்த லந்துலாத்திக்கோ வந்தது. டர்னிப் போன்ற மஞ்சள் கிழங்கை மசித்து, பாகும் ஜாதிக்காயும் சேர்த்து அடுப்பில் வேகவைத்தது. இனிப்பா காரமா என்று நாக்கு குழம்பிப்போகும். எனக்குப் பிடிக்கவில்லை. மும்மோ என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு மெழுகுவத்தி கொடுத்த பாட்டி, என்ன சொல்வது? "ரொம்ப நன்றாக இருக்கிறது" என்றேன்.

27ஆம் தேதி கிளம்பும்போது அவர் ஒரு பையை நீட்டினார். கம்பளிக் காலுறை ஒரு ஜோடி. அதன் அடியில், பழைய ஐஸ்கிரீம் டப்பா இரண்டில் வழிய வழிய லந்துலாத்திக்கோ. ஜனவரி பாதிவரை விடுதியில் அதைச் சூடாக்கி, மேலே பருப்புப்பொடியைத் தூவிச் சாப்பிட்டுத் தீர்த்தேன்.